தங்கம் தோண்டிய குழியில் ஒரு தேடல்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் என்று ஒரு தங்கச் சுரங்கம். நூறு வருடத்துக்கு மேல் தோண்டி, 2002-ல் மூடினார்கள். இப்போது அங்கே ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், செனான் என்ற வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கி, அதில் 10 டன்னை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் காத்திருக்கிறார்கள். லக்ஸ்-ஜெப்லின் என்பது அந்தக் கருவியின் பெயர். தேடுவது கரும்பொருளை.

பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஏறக்குறைய 85 சதவீதம் அதுதான். கண்ணில்தான் படாது. சரி, வானம் முழுக்க இருப்பதைத் தேட எதற்குப் பாதாளம்? மேலே இருந்தால் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மழையாகக் கொட்டும். எந்தத் துளி எதுவென்று பிரிக்க முடியாது. பாறைதான் குடை. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் தங்கவயலிலும் இதே காரணத்துக்காக, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, 1965-ல் காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள்.

திரவ செனான் மகா கனம். அலுமினியத் துண்டு அதில் மிதக்கும். கரும்பொருள் துகள் ஒன்று செனான் அணுக்கருவில் முட்டினால் மினுக்கென்று ஒரு வெளிச்சம் வரும். முட்டியதில் பிய்ந்த எலக்ட்ரான்களை மின்புலம் மேலே இழுக்கும்; திரவத்தைத் தாண்டி வாயுவுக்குள் நுழையும்போது இன்னொரு மினுக்கு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணித் தூரம் சொல்வோமே, அப்படித்தான் இடைவெளியை வைத்து ஆழம் சொல்கிறார்கள். தொட்டியின் ஓரத்தில் நடந்ததா? கணக்கில் சேர்க்கமாட்டார்கள். சுவரின் கதிரியக்கமாக இருக்கலாம்.

2024-ல் 280 நாள் தரவை அலசி முடிவு சொன்னார்கள். அதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. தரவுக்குள் பொய்ச் சமிக்ஞைகளை ரகசியமாகக் கலந்துவிடுவார்கள். எது நிஜம், எது பொய் என்று அலசுகிறவர்களுக்கே கடைசி வரை தெரியாது. ஆசைப்பட்டு எதையாவது 'கண்டுபிடித்து'விடக் கூடாதே! இதற்கு 'உப்புத் தூவுதல்' என்று பெயர். சுரங்கக்காரர்களின் சொல்தான். அந்தக் காலத்தில் வெறும் குழியில் தங்கத்தூளைத் தூவி, இளிச்சவாயன் எவன் தலையிலாவது கட்டிவிடுவார்கள். அந்த மோசடியின் பெயரை, அதுவும் ஒரு தங்கச் சுரங்கத்துக்குள் வைத்து, நேர்மைக்குச் சூட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

உப்பையெல்லாம் பொறுக்கி எடுத்த பிறகு, கரும்பொருள் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அதையும் அப்படியே அறிவித்தார்கள். மொத்தம் 1,000 நாள் தரவு சேர்ப்பது திட்டம்.