எட்டாப்பு புள்ளைக்கு யாரு விவரம் சொல்றது?

(புதுவயல் பக்கத்துல ஒரு அரசுப் பள்ளி முன்னாள் மாணவர் கூட்டத்துல நான் பேசுனத, ரெக்கார்டு கேட்டு அப்படியே எழுதிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். ஆச்சிமார், அண்ணன்மார், லீவு போட்டு வந்திருக்க தம்பிங்க எல்லாருக்கும். பின்னாடி நிக்கிற அம்மாமாருங்க கொஞ்சம் முன்னாடி வந்து உக்காருங்க, நான் பேசப்போறதே உங்க புள்ளைங்களப் பத்தித்தான்.

நான் வாத்தியாரா இருந்தப்ப ஒரு பொண்ணு, பேரு வேணாம். அம்மா ரைஸ்மில் களத்துல நெல்லு கிண்டுற வேலை, அப்பா கரிமூட்டம் போடப் போனா மாசக்கணக்குல வீட்டுக்கு வரமாட்டார். பொண்ணு கணக்குல அப்படி ஒரு கெட்டி. எட்டாப்புல என்எம்எம்எஸ்னு மத்திய அரசு உதவித்தொகைப் பரீட்சை, அத எழுதி பாஸும் பண்ணிட்டா. ஒம்போதாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் மாசம் 1000 ரூவா, வருசத்துக்கு 12,000, நாலு வருசத்துக்கு 48,000. மொத வருசம் பணம் ஏறுச்சு, ரெண்டாவது வருசம் ஏறல. வருசா வருசம் ஆன்லைன்ல ரினீவல் பண்ணணும், அது அந்த அம்மாவுக்குத் தெரியாது, தெரிஞ்ச நாங்களும் கேக்கல, பணம் வந்துச்சாம்மான்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தா போதும், கேக்கல. பத்தாவது பாதியில அவளும் களத்துக்கே போயிட்டா. அந்த வழியா பஸ்ஸுல போறப்ப இன்னைக்கும் எனக்கு மனசு கேக்காது.

வசதியான வீட்டுப் புள்ளைக்கு என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. பணம் இருக்கு, சரி. அதுக்கு மேல விவரம் தெரிஞ்ச ஒரு ஆளு வீட்டுல இருக்காங்க. எப்ப ஃபார்ம் வருது, எங்க கையெழுத்து வாங்கணும், எந்த குரூப் எடுத்தா என்ன படிக்கலாம்னு அப்பா இல்லன்னா சித்தப்பா சொல்லுவாரு. களத்து வேலைக்குப் போற அம்மாவுக்கு அப்படி யாரும் கெடையாது. அந்த எடத்துல பள்ளிக்கூடம்தான் நிக்கணும், வேற யாரு நிப்பா?

இன்னொண்ணு. கடன வாங்கி புள்ளைய ஏழாவதுல பிரைவேட்டுக்கு மாத்துற பெத்தவங்கள நான் நெறையப் பாத்திருக்கேன், ஆசைதான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனா மெடிக்கல்ல 2020லேருந்து அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கே, அதுக்கு ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சிருக்கணும். நடுவுல ரெண்டு வருசம் போய்ட்டு வந்தாலும் அந்த வாய்ப்பு போச்சு. இத டிசி வாங்க வர்ற அன்னைக்காவது உக்காரவச்சு சொல்லணும்ல.

சாப்பாட்டு விசயமும் சொல்லிடுறேன். 1956ல காமராசர் மதிய உணவு கொண்டாந்தது எல்லாருக்கும் தெரியும், 2022லேருந்து காலைச் சாப்பாடும் வந்துச்சு, ரொம்ப நல்ல விசயம். ஆனா அது அஞ்சாவது வரைக்கும்தான். ஆறாவது போற புள்ளைக்கு மறுநாள்லேருந்து பசிக்காதா? மொத பீரியட்ல தலைய டெஸ்க்ல சாச்சுக்கிட்டு இருக்க புள்ளைய திட்டுறதுக்கு முன்னாடி சாப்ட்டியாடான்னு கேளுங்க.

இப்ப அண்ணன்மாருக்கு. கொடுக்கறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில சிக்ரி, அதான் அந்த மத்திய அரசு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வர்றதுக்கு 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூவாயும் கொடுத்தவரு. நீங்களும் ஆர்ஓ மெசினு, பெஞ்சு, சுத்துச்சுவர்னு செஞ்சிருக்கீங்க, அந்த நன்றி எங்களுக்கு எப்பவும் உண்டு. ஆனா இந்த வருசம் நான் கேக்குறது உங்க நேரம். என்எம்எம்எஸ்ல மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. மனத்திறன் கேள்விய நெறைய புள்ளைங்க பரீட்சை ஹால்லதான் மொத தடவ பாக்குதுங்க, அறிவு இல்லாம இல்ல, பழக்கம் இல்ல. சாயங்காலம் ஒரு மணி நேரம் யாராவது உக்காந்து சொல்லிக்கொடுத்தா போதும், கூட ஒரு கிண்ணம் சுண்டல், நாலு மணிக்கு மேல வெறும் வயித்துல எந்தப் புள்ளைக்கும் கணக்கு ஏறாது. வெளியூர்ல இருக்கவங்க ஆளுக்கு ஒரு புள்ளைய எடுத்துக்கங்க, மாசம் ஒரு தடவ போன் பண்ணி பணம் வந்துச்சா, ரினீவல் பண்ணியாச்சா, ஏன் நேத்து லீவுன்னு கேளுங்க.

உதவித்தொகை ஃபார்ம், ரினீவல் எல்லாம் போட்டுக் கொடுக்க வர்ற சனிக்கிழமை பத்து மணிக்கு இதே ஹால்ல இருப்போம். லேப்டாப் இருக்க தம்பிங்க எடுத்துட்டு வாங்க. அம்மாமாருங்க, ஆதார், ரேஷன் கார்டு, புள்ள பேர்ல இருக்க பேங்க் பாஸ்புக் மூணையும் மறக்காதீங்க. வருமானச் சான்று இல்லன்னு வராம இருந்துடாதீங்க, அப்ளை பண்ணிக் கொடுத்து விஏஓ ஆபீசுக்கு நானே கூட வர்றேன். களத்துக்குப் போறவங்க வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு வந்தாலும் சரி, ஏழு ஆனாலும் சரி, லைட்டு எரியும், நான் உக்காந்திருப்பேன்.