ஒன்பது முறை போடாத குண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

1943 மே 16 இரவு. நள்ளிரவு தாண்டிவிட்டது. ஜெர்மனியில் ரூர் தொழில் பகுதிக்குத் தண்ணீர் தரும் சோர்ப்பே அணைக்கு மேலே ஒரே ஒரு பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானம் சுற்றிச் சுற்றி வருகிறது. அதன் மூக்கில், கண்ணாடிக் கூண்டுக்குள், 21 வயதுப் பையன் ஒருவன் குப்புறப் படுத்துக் கிடக்கிறான். குண்டைக் குறிபார்த்துப் போடுவது அவன் வேலை. பெயர் ஜார்ஜ் லெனார்ட் ஜான்சன். எல்லோருக்கும் ஜானி.

அந்த இரவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் சாய்த்து விட்டெறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதே மாதிரி நீர்ப்பரப்பில் சுழன்றபடி துள்ளிப் போய் அணையை உடைக்கும் குண்டைப் பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்திருந்தார். எடை 4 டன்னுக்கு மேல். அதைப் போடுவதற்காகவே பிரிட்டிஷ் விமானப்படையில் 617-ஆம் படைப்பிரிவைத் தொடங்கினார்கள். வாரக்கணக்கில் தாழப் பறந்து பயிற்சி எடுத்தார்கள். கடைசியில் ஜானியின் விமானத்துக்கு ஒதுக்கப்பட்டது சோர்ப்பே. அன்று குறிவைத்த மற்ற இரண்டு பெரிய அணைகளைப் போல இது கல் சுவர் இல்லை. நடுவில் கான்கிரீட் வைத்துக் கட்டிய மண் அணை. இங்கே குண்டு துள்ளக் கூடாது, சுழலவும் கூடாது. அணையின் நீளத்தோடு பறந்து, நட்டநடுவில் போட வேண்டும். எடுத்த பயிற்சி ஒன்று, செய்யச் சொன்னது வேறு. ராணுவம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது!

அணையின் ஒரு பக்கம் குன்று. குன்றின் மேல் ஊர், ஊருக்குள் சர்ச் கோபுரம். அந்தக் கோபுரத்தைத் தாண்டியதும் விமானி ஜோ மெக்கார்த்தி சரேலென்று கீழே இறங்க வேண்டும். இவர் அமெரிக்கர், ஆஜானுபாகுவான ஆள். முதல் தடவை சரியாக வரவில்லை, ஜானி குண்டைப் போடவில்லை. இரண்டாம் தடவையும் போடவில்லை. இப்படியே ஒன்பது தடவை. பின்னால் துப்பாக்கிக் கூண்டில் உட்கார்ந்திருந்தவருக்குப் பொறுமை போய்விட்டது. யாராவது அதைத் தொலைத்துத் தலைமுழுகக் கூடாதா என்று கத்தினாராம். பத்தாவது தடவை, தரையிலிருந்து ஏறக்குறைய 30 அடி உயரத்தில், ஜானி குண்டை விட்டார்.

அங்கே பீரங்கிகள் இல்லை என்பதால்தான் அத்தனை தடவை சுற்ற முடிந்தது. இருந்தாலும், எரிபொருள் குறைந்துகொண்டே போக, கூட இருக்கும் ஆறு பேரின் உயிரும் தன் விரலில் இருக்க, 'இன்னும் சரியாக வரவில்லை' என்று ஒன்பது தடவை சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதற்காகத்தான்.

அணை உடையவில்லை. மேல்விளிம்பு சிதைந்தது, அவ்வளவுதான். 1944-இல் இன்னும் பெரிய குண்டுகளோடு வேறொரு படைப்பிரிவு போனது, அப்போதும் உடையவில்லை. ஆனால் அந்த மே இரவில் மோனே, ஏடர் என்ற இரண்டு அணைகளும் உடைந்தன. திரும்பும் வழியில் மோனேயைக் கடந்தபோது கீழே கடல் மாதிரி தண்ணீரைப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும் பகுதி சண்டைக்காரர்களே அல்ல, சோவியத் நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பிடித்துவந்து முகாமில் அடைத்திருந்த கட்டாயத் தொழிலாளர்கள். வீரக்கதையாகச் சொல்லும்போது இதை விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. போன 19 விமானங்களில் 8 திரும்பவில்லை. 133 பேரில் 53 பேர் செத்துப்போனார்கள்.

இதற்கு ஆறு வாரம் முன்பு ஜானிக்குக் கல்யாணம் நடந்திருந்தது. அதுவே நின்றுபோகத் தெரிந்தது. புதுப் படைப்பிரிவில் சேர்ந்ததும் விடுப்பு ரத்து என்றார்கள். மணப்பெண் க்வின், கல்யாணத்துக்கு வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்கிற ரீதியில் பதில் எழுதிவிட்டார். மெக்கார்த்தி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நேராகப் படைப்பிரிவின் தளபதி கிப்சனின் அறைக்கே போய் நின்றார். நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. 1943 ஏப்ரல் 3-ஆம் தேதி கல்யாணம். அடுத்த ஆண்டு க்வின் கர்ப்பமாக இருந்தபோது, போதும், நீ பறப்பதை நிறுத்து என்று வற்புறுத்தியவரும் அதே மெக்கார்த்திதான்.

போருக்குப் பிறகும் ஜானி விமானப்படையிலேயே இருந்து, 1962-இல் வெளியே வந்தார். அதற்கப்புறம் செய்த வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். பிறகு மனநல மருத்துவமனையில் இருப்பவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பலத்த காவலுள்ள ராம்ப்டன் மருத்துவமனையிலும் வேலை செய்தார். ஓய்வு பெற்றதும், க்வின்னை முதன்முதலில் சந்தித்த டார்க்கீ என்ற கடற்கரை ஊருக்கே இருவரும் திரும்பிப் போனார்கள். அங்கே கவுன்சிலராகவும் இருந்தார். 2005-இல் க்வின் இறந்தார்.

அப்புறம்தான் ஊர் அவரைத் தேடி வந்தது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போக, கடைசியில் பிரிட்டனில் ஜானி மட்டும் மிஞ்சினார். அவருக்கு விருது தரச் சொல்லி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2017-இல் எம்.பி.ஈ. என்ற பிரிட்டிஷ் அரச விருது கொடுத்தார்கள். இது எனக்கல்ல, என் படைப்பிரிவுக்கு என்றார். 2022 டிசம்பர் 7-ஆம் தேதி, 101-ஆவது வயதில் காலமானார்.

சோர்ப்பே அணையில் இன்றும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வணக்கம்.