இரவு பத்தரைக்குப் பிறகு பார்க்கும் வேலைக்கு என்ன கூலி?

[காட்சி: இருட்டில் ரப்பர் தோட்டம். தலையில் விளக்குக் கட்டிய ஒருவர் மரம் மரமாக நகர்கிறார்.]

திருவட்டார் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் மாமா, அதிகாலை மூன்று மணிக்கெல்லாம் தலைவிளக்குடன் வந்துவிடுவார். வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்தின் உள்ளே அழுத்தம் மிகுந்திருக்கும் என்பதாலும், அப்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதாலும், அந்த வேலைக்கு அந்த நேரம்தான் நேரம். நான் பகலில் நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவில் வெளிநாட்டுக் கிளையன்ட்டுகளுக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். சில இரவுகளில், மாமா முதல் மரத்தில் கத்தி வைக்கும் நேரத்தில்தான் நான் லேப்டாப்பை மூடுவேன். ஒரு நாள் என் சன்னல் வெளிச்சத்தைப் பார்த்து நின்றவர், "மோனே, நான் ஒறங்கி எழும்பி வாறேன், நீ இன்னும் கெடக்கவே இல்லியா?" என்று கேட்டார்.

அவர் இரவு ஏழு மணிக்கே படுப்பவர் என்பது எனக்கு அதன் பிறகுதான் உறைத்தது. அவருடைய தூக்கம் நேரம் மாறியிருந்ததே தவிர, அளவு குறையவில்லை. முழுநேர வேலையுடன் ஃப்ரீலான்ஸ் வேலையையும் வைத்துக்கொண்டிருக்கும் நம்மில் பலர் செய்வது அதுவல்ல. தூக்கத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தை வெட்டி எடுத்து, அதைக் கிளையன்ட்டுக்கு விற்கிறோம். அப்படி விற்கும் மணி நேரம் என்ன தரத்தில் இருக்கிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[காட்சி: ஒரு நாளின் கோடு. காலை 5.30 முதல் இரவு 2 வரை.]

தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்று சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி 1982-இல் விளக்கினார். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் தூக்கச் சுமை ஒன்று. பகல் இரவைக் கணக்கு வைத்திருக்கும் உடலின் உள்கடிகாரம் மற்றொன்று. சுமை ஏறுவதற்கும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்வதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இரவு பத்து மணிக்கு நாம் குடிக்கும் கட்டன்சாயாவில் உள்ள காஃபின், அந்த அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடங்களை மறித்துக்கொள்கிறது. அதனால் சுமை குறைவதில்லை, அது நமக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், ஒருவழியாகப் படுத்த பிறகும் அந்தச் சாயா நம்முடன் கூடவே படுத்திருக்கிறது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்குச் சரிகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு வைத்திருக்கும் வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஐந்தரைக்கு எழுந்தவருக்கு இரவு பத்தரையுடன் 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. நானோ, பிள்ளைகள் உறங்கி வீடு அமைதியான பிறகு, அந்தப் பத்தரைக்குத்தான் வேலையையே தொடங்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஆறு மணி நேரம் போதும், பழகிவிட்டது" என்று சொல்பவர்களுக்கு 2003-இல் வெளிவந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று முக்கியமானது. இரண்டு வாரம் தொடர்ந்து தினமும் ஆறு மணி நேரம் மட்டுமே படுக்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனம், ஓர் இரவு முழுவதும் தூங்காதவரின் அளவுக்கு இறங்கியிருந்தது; ஆனால் அவர்களைக் கேட்டபோது, தங்களுக்குச் சற்றுத் தூக்கக் கலக்கம்தான் இருப்பதாகச் சொன்னார்கள். தூக்கம் கெட்டவர் தன் நிலையைத் தானே மதிப்பிடுவதை நம்ப முடியாது என்பதே அந்த ஆய்வில் என்னை மிகவும் கலங்கச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தூங்கி ஈடுகட்டலாம் என்றால், ஓரிரு நாள் தூக்கத்தில் கவனம் முழுமையாகத் திரும்புவதில்லை. அதோடு, நம் மாவட்டத்தில் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு மேல் எந்தத் திசை ஒலிபெருக்கிக்கும் தப்பித்துத் தூங்குவது நடக்கிற காரியமும் அல்ல.

[காட்சி: தக்கலை – நாகர்கோவில் சாலை, காலை எட்டரை மணி.]

என் வழக்கம் இரண்டு சம்பவங்களால் மாறியது. ஒரு நள்ளிரவில், ஒரு கிளையன்ட்டின் பக்கத்தை இன்னொரு கிளையன்ட்டின் சர்வரில் ஏற்றிவிட்டேன். மூன்று முறை சரிபார்த்ததாக நினைவு. மூன்று முறையும் தவறான பெயரைத்தான் பார்த்திருக்கிறேன். அடுத்தது பைக்கில் நடந்தது. தக்கலை தாண்டியது நன்றாக நினைவிருக்கிறது, சுங்கான்கடையில் முன்னால் போன பேருந்தின் பிரேக் விளக்கு எரிந்ததும் நினைவிருக்கிறது. இடையில் இருக்கிற வில்லுக்குறியைக் கடந்தது மட்டும் இல்லவே இல்லை. சில நொடிகள் மூளை அணைந்து எரியும் நுண்ணுறக்கத்தில் கண் திறந்தேகூட இருக்கலாம். அன்று பேருந்தின் பின்புறத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும்.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். எட்டாயிரம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்ட வேலை இருபது மணி நேரத்தில் முடியும் என்று வைத்தால் மணிக்கு 400 ரூபாய். பின்னிரவில் செய்த பிழைகளைத் தேடித் திருத்தி, மன்னிப்புக் கடிதம் எழுதி, மறுபடி ஏற்றி அது 32 மணி நேரமாக நீண்டால் மணிக்கு 250 ரூபாய். இந்தக் கணக்கை நான் ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். பத்தரைக்குப் பிறகு நான் செய்ததில் பாதி, முந்தைய இரவின் பிழையைத் திருத்தும் வேலையாகவே இருந்தது.

ஆகவே நாளைத் தூக்கத்திலிருந்து கணக்கிடத் தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் தேவை என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. அலுவலகத்துக்கு ஒன்பது, பயணத்துக்கு இரண்டு, குளியல், சாப்பாடு, வீட்டுப் பொறுப்புகளுக்கு மூன்றரை, தூக்கத்துக்கு ஏழரை என்று எடுத்து வைத்தால் கையில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். வார நாட்களில் பத்து, சனிக்கிழமை ஐந்து என வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்தான் நீங்கள் விற்கக்கூடிய சரக்கு. கிளையன்ட்டிடம் தேதி சொல்லும்போது இந்தப் பதினைந்தை வைத்துச் சொல்ல வேண்டும். நான் அதிலும் பன்னிரண்டைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் காய்ச்சலும் கல்யாண வீடும் முன்னறிவிப்பு இல்லாமல் வரும்.

அந்த இரண்டு மணி நேரத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. எனவே அழைப்புகளை எட்டரைக்குள் முடித்துவிட முடியும்; நள்ளிரவு வரை காத்திருக்கச் சொல்வது பெரும்பாலும் நம் தயக்கமே. கருத்தூன்றிச் செய்ய வேண்டிய வேலையை நான் விடியற்காலை ஐந்து முதல் ஏழுக்கு மாற்றிக்கொண்டேன். ஆனால் ஐந்துக்கு எழுபவர் ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும். பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழுவது பழைய தவறின் மறுபக்கம். மதிய இடைவேளையில் இருபது நிமிடம் கண்ணயர்வது உதவும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேர்ந்து தலை கனக்கும்.

வேலை நியமனக் கடிதத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி இருந்தால், பிடிபடுவோமோ என்ற பயம் அதற்கென்று தனியாக ஒரு மணி நேரத் தூக்கத்தைத் தின்னும்.

[காட்சி: மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் சொட்டுகிறது.]

பால் வெட்டும் மாமா அதே மரத்தைத் தினமும் வெட்டுவதில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள்தான். நாள்தோறும் வெட்டினால் ஏன் கூடுதல் பால் கிடைக்காது என்று கேட்டேன். தோட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு மரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டையைக் காட்டினார். பழைய உரிமையாளர் அவசரத்துக்குத் தினமும் வெட்டவைத்த மரமாம். கோடு போட்டால் நீர்கூடக் கசியாமல் பட்டை பழுப்பேறிக் காய்ந்து கிடந்தது.

மூன்று கிளையன்ட்டுகளுக்கும் புதிய நேரத்தை எழுதி அனுப்பினேன். ஒருவர் விலகிக்கொண்டார். மற்ற இருவரும் "சரி" என்று ஒரு சொல்லில் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்களை நான் மறுநாள் காலை ஐந்து மணிக்குத்தான் பார்த்தேன்.