மண் மாட்டு ஊரில் ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம். ஹக்கா என்றதும் நமக்கு நூடுல்ஸ்தான் நினைவுக்கு வரும். கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் வழியாக வந்த பெயர் அது. 'விருந்தாளிக் குடும்பம்' என்று பொருள். எத்தனை தலைமுறை இருந்தாலும் விருந்தாளிதான், பாருங்கள்!

தைவானிலும் ஹக்காக்கள் உண்டு. அங்கே தைச்சுங் மாநகரின் ஓரத்தில் ஷிகாங் என்றொரு பகுதி. அங்கே தூநியூ என்ற ஊர். 'மண் மாடு' என்று அர்த்தம். வந்தேறிய சீனர்களுக்கும் பழங்குடிகளுக்கும் நடுவே எல்லையாக அகழி வெட்டி, மண்ணைக் கரையில் குவித்தார்கள். குவியல்கள் படுத்திருக்கும் மாடு மாதிரித் தெரிந்ததாம். 1761-இல் நட்ட எல்லைக்கல் இன்னும் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

அவ்வூரில் லியூ குடும்பத்தின் பழைய வீடுதான் இப்போது ஹக்கா பண்பாட்டு நிலையம். நடுவில் முன்னோரை வணங்கும் கூடம், இருபுறமும் பங்காளிகளின் அறைகள். இப்படிப்பட்ட வீட்டை ஹக்காக்கள் 'ஹுவோஃபாங்' என்பார்கள். ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறவர்களின் வீடு.

1999 செப்டம்பர் 21, அதிகாலை 1.47-க்கு வந்த நிலநடுக்கத்தில் அந்த வீடு இடிந்து விழுந்தது. செலுங்பூ நிலப்பிளவு சுமார் 100 கிலோமீட்டருக்கு வாய் பிளந்த இரவு அது. தைவானில் 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பச்சைச் செங்கல் அதிகம். வயல் சேற்றில் வைக்கோலும் உமியும் மிதித்து, வெயிலில் காயவைத்த கல். மேலிருந்து அழுத்தும் பாரத்தை ஓரளவு தாங்கும். பக்கவாட்டில் உலுக்கினால் பிட்டு மாதிரி உதிர்ந்துவிடும். 1935 ஏப்ரலில் இதே வட்டாரத்தில் வந்த நிலநடுக்கத்தில் 3,200 பேருக்கு மேல் மாண்டதற்கும் இந்தச் சுவர்கள் பெரிய காரணம்.

சரி, 1999-இல் நிலம் அப்படி என்னதான் செய்தது? பக்கத்தில் டாஜியா ஆற்றின் குறுக்கே இருக்கும் ஷிகாங் அணையைப் பார்த்தால் போதும். பிளவு அணைக்கு அடியிலேயே ஓடியது. ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கிட்டத்தட்ட 8 மீட்டர் கூடுதலாக எழும்பிவிட்டது. இரண்டு மாடி உயரம்! மூன்று மதகுகள் நொறுங்கின. அந்தப் பகுதியைச் சரிசெய்யாமல் அப்படியே நினைவுச்சின்னமாக விட்டிருக்கிறார்கள்.

வீட்டை மட்டும் மறுபடி கட்டினார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. உடைந்த அணையைப் பாடத்துக்காக வைத்துக்கொள்ளலாம். முன்னோருக்கு ஊதுபத்தி ஏற்றக் கூடம் வேண்டாமா?

போகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்த்துவிட்டு, அப்புறம் அணைக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.