பதக்கம் வாங்கிய மகள் தெருவில் தப்பிப்பாளா?

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகள் நான்கு வருடமாக டேக்வாண்டோ கற்கிறாள், பதக்கமும் வாங்கிவிட்டாள். அதெல்லாம் வெறும் விளையாட்டு, ஆபத்துக்கு உதவாது என்கிறார்கள். நிறுத்திவிட்டுத் தற்காப்பு வகுப்பில் சேர்க்கட்டுமா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நிறுத்தாதீர்கள், அம்மா. அந்தத் தற்காப்பு வகுப்பை முதலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கையைப் பிடிப்பவன் உண்மையிலேயே இறுக்கிப் பிடிக்கிறானா, அல்லது மாஸ்டர் சொன்னதும் விட்டுவிடுகிறானா? வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இது பழைய பல்லவிதான், ஆனாலும் மறுபடி சொல்கிறேன்: எதிரே நிற்பவர் விட்டுக்கொடுக்காதபோதுதான் பயிற்சி தொடங்குகிறது. ஜிகோரோ கானோ 1882இல் ஜூடோவைத் தொடங்கியபோது இதைத்தான் செய்தார். ஆபத்தான அடிகளைக் கட்டாவுக்கு, அதாவது முன்கூட்டியே வகுத்த அசைவுகளை அப்படியே செய்து பழகும் பயிற்சிக்கு, ஒதுக்கிவிட்டு, முழு பலத்தோடு மோதினாலும் பெரிய காயம் வராத வீச்சுகளையும் பிடிகளையும் தினசரிப் பயிற்சிக்கு வைத்தார். உங்கள் மகளும் நான்கு வருடமாக, தன்னை உதைக்கவே வருகிற ஒருத்தியின் முன் கண்ணை மூடாமல் நின்றிருக்கிறாள். எதிரே ஆளில்லாமல், எதிராளியின் கண்ணைக் குத்துவதாக வெறுங்காற்றில் பழகியவளுக்கு அது கிடைக்காது.

ஆனால் விதியும் உடம்பில் ஊறிவிடும். டேக்வாண்டோ போட்டியில் முகத்தில் குத்தக் கூடாது, அதனால் கைகள் தாழ்ந்தே இருக்கும். தலைக்கு உதைத்தால் கூடுதல் புள்ளி, அதனால் கால் மேலேயே போகும். டோக்கியோ ஒலிம்பிக்கின் கராத்தே இறுதி ஒன்று நினைவிருக்கிறதா? 2021 ஆகஸ்டில் நடந்தது. முன்னிலையில் இருந்த சவுதி வீரர் தாரெக் ஹாமிதி தலையில் உதைக்க, ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதே நினைவிழந்து விழுந்தார். அடி எல்லை மீறியது என்று உதைத்தவரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். தங்கம் விழுந்தவருக்கு. விளையாட்டில் அது நியாயமான தீர்ப்பு, நான் அதை மதிக்கிறேன். தெருவில் நடுவர் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் என் மாணவிகளைப் பயிற்சிக்காக ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். காப்பித் தோட்டத்துச் சரிவுப் பாதை, செருப்புக் கால், தோளில் பள்ளிக்கூடப் பை. என்னிடம் மிக அழகாக உதைக்கிற பெண் காலைத் தூக்கினாள். ஊன்றிய கால் ஈரச் சருகில் வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அடுத்து வந்தவள் எந்தப் போட்டியிலும் முதல் சுற்றைத் தாண்டாதவள். பின்னாலிருந்து இன்னொரு மாணவி பையை இழுத்ததும் தோளைக் குறுக்கிப் பட்டையை நழுவவிட்டு, "விடு!" என்று கத்திக்கொண்டே மேட்டில் ஏறி ஓடினாள். பை இழுத்தவளின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. இவள் தார்ச்சாலையில் நின்றாள். அன்று எனக்கு வந்த சந்தோஷம் எந்தப் பதக்கத்துக்கும் வந்ததில்லை.

அதனால் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு, அம்மா: "என் மகளுக்குக் கத்த வருமா?" உதைக்கும்போது வகுப்போடு சேர்ந்து குரல் கொடுப்பாள். தெரிந்த ஒருவர், உறவுக்காரர்கூட, கையைப் பிடித்தால் அந்தக் குரல் வருமா? பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று நாமே அடக்கி வளர்த்த குரல் அது. இன்று சாயங்காலம் மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். அவள் மணிக்கட்டை நீங்களே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கையை விடு" என்று கத்தச் சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்புதான் வரும். நான்காவது, ஐந்தாவது தடவையில் குரல் திறக்கும். பக்கத்து வீட்டாரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.