நீர்ப்பருத்தி: காலையில் மஞ்சள், மாலையில் சிவப்பு

(காட்சி: வெள்ளவத்தைக் கால்வாய்க் கரை. காலை 7 மணி. பின்னால் காலி வீதி பஸ்களின் இரைச்சல்.)

வணக்கம். பூசைத் தட்டுக்கும் தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் நாம் தேடிப் பறிப்பது செவ்வரத்தை. அது இலங்கைக்கு வெளியிலிருந்து வந்த செடி. இங்கேயே இயற்கையாக வளரும் அதன் உறவுக்காரர், இதோ, கால்வாய்ச் சேற்றில் நிற்கிறார். பெயர் நீர்ப்பருத்தி. சிங்களத்தில் பெலிபட்ட. 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைச் செவ்வரத்தையின் பேரினத்திலேயே சேர்த்துப் பெயரிட்டார்.

பார்த்தவுடன் பூவரசு என்பீர்கள். குற்றமில்லை, நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

(நெருக்கக் காட்சி: இலையின் அடிப்புறம்.)

இலையைத் திருப்புங்கள். பூவரசு இலை வழுவழுப்பானது. இதுவோ மெல்லிய பஞ்சு ஒட்டியதுபோல் சாம்பல் பூத்திருக்கிறது. காம்பை ஒட்டி, நரம்பின் மேல் ஒரு சிறு கீறல் தெரிகிறதா? அங்கே தேன் சுரக்கிறது. பூவே இல்லாத கிளையிலும் எறும்பு ஊர்வது அதற்காகத்தான். இன்னும் சந்தேகமா? பூவின் நடுத்தண்டைப் பாருங்கள். நுனி ஐந்தாகப் பிரிந்திருந்தால் நீர்ப்பருத்தி.

(காட்சி: அதே பூ. மாலை 5 மணி.)

காலையில் எலுமிச்சை மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டுடன் விரிந்த பூ இப்போது செம்மஞ்சள். அந்தோசயனின் என்ற நிறமி இதழில் கூடக் கூட நன்றாகச் சிவந்து, பிறகு உதிர்ந்துவிடும். அதன் வாழ்வு ஏறக்குறைய ஒரு நாள்தான்.

(காட்சி: கையில் உரித்த பட்டை.)

பயன் என்று கேட்டால் முதலில் பட்டையைச் சொல்வேன். விழுந்து கிடந்த கொப்பிலிருந்து உரித்தேன். முழ நீளத்துக்கு அறாமல் வந்தது. இழுத்துப் பார்த்தேன், விரல்தான் வலித்தது. தண்ணீரில் ஊறவைத்து நாரைப் பிரித்துக் கயிறு திரிப்பார்கள். நனைந்தாலும் எளிதில் இற்றுப்போகாது என்பதால் தோணிக்காரருக்கு உகந்த கயிறு. ஹவாய்த் தீவுகளில் 'ஹவ்' என்ற பெயரில் இதன் இலேசான கட்டையும் தோணி வேலைக்குப் போனது.

எனக்குப் பிடித்தது இந்தோனேசியர்களின் யோசனை. சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் 'டெம்பே'க்கு ஒரு பூஞ்சணம் வேண்டும். இந்த இலையின் அடிப்புறப் பஞ்சில் அதை வளர்த்து, அடுத்த முறைக்கு உறைமோர்போல் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்!

உப்புத் தண்ணீரையும் தாங்கும் செடி இது. தடியை ஈர மண்ணில் ஊன்றினாலே வேர் பிடிக்கும். தரையில் படிந்த கிளையும் வேர்விட்டுப் புதராகிவிடும். கரை மண்ணைப் பிடித்து வைக்க அது நல்லது. மாடிவீட்டுப் பூந்தொட்டிக்கு ஆசைப்படுபவர்கள் மட்டும் செவ்வரத்தையோடு நின்றுகொள்ளுங்கள்.