வீட்டில் பார்த்த படங்கள்: ஒரே அறை போதும்!

வணக்கம் மக்களே. சமீபத்தில் வீட்டில் பார்த்த படங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். விமர்சனம் இல்லை, மார்க்கும் கிடையாது. மனசில் பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் '12 ஆங்ரி மென்'. 1957-இல் சிட்னி லுமெட் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கொலை வழக்கு, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள், ஓர் அறை, ஒரு மேஜை. 96 நிமிடப் படத்தில் கேமரா அந்த அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனாலும் போனை எடுக்கத் தோன்றவில்லை.

கேமராவை மட்டும் கவனியுங்கள். ஆரம்பத்தில் கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. போகப்போகக் கீழே இறங்கி, கடைசியில் ஆட்களை அண்ணாந்து பார்க்கிறது. கூரையே ஃபிரேமுக்குள் வந்துவிடும். லென்ஸையும் படிப்படியாக மாற்றி, சுவர்கள் நெருங்கி வருவது மாதிரி செய்திருக்கிறார் லுமெட். முதல் தடவை பார்க்கும்போது இதெல்லாம் தெரியாது, புழுக்கம் மட்டும் தெரியும். சுவரில் ஒரு ஃபேன் இருக்கும், ஓடாது. மழைக்கு இருட்டிக்கொண்டு வர, லைட்டைப் போட்டதும் ஓட ஆரம்பிக்கும். அப்பாடா என்று இருந்தது எனக்கு!

அப்புறம் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ', 1954. கால் உடைந்து கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்கும் போட்டோகிராபர், எதிர்வீட்டு ஜன்னல்களை நோட்டம் விடுகிறார். இதை ஹெட்போனில் பாருங்கள். தனியாகப் பின்னணி இசை பெரும்பாலும் கிடையாது. யாரோ வாசிக்கும் பியானோ, தெருச் சத்தம், பாதி மட்டும் காதில் விழும் சண்டை, எல்லாம் முற்றத்தைத் தாண்டி வருகிறது. கதாநாயகனுக்குக் கேட்பதுதான் நமக்கும்.

ஒரு பெரிய போர்ப் படமும் பார்த்தேன். பெயர் வேண்டாம். வசனம் முணுமுணுப்பு, குண்டு வெடித்தால் வீடே அதிர்கிறது. ரிமோட்டும் கையுமாகவே பார்த்து முடித்தேன். தியேட்டரில் வசனத்துக்கென்றே நடுவில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். டிவியில் எல்லாச் சத்தமும் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் திணிக்கப்படுகிறது. டிவி செட்டிங்கில் வசனத்தைத் தூக்கிக் காட்டும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

செட்டிங் என்றதும் ஞாபகம் வருகிறது, மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். படம் எடுப்பது வினாடிக்கு 24 ஃபிரேம். டிவி தானாக நடுநடுவே புது ஃபிரேம்களைச் செருகினால், நல்ல படமும் சீரியல் மாதிரி ஆகிவிடும்.

சரி, இப்படி ஓர் அறைக்குள்ளேயே நடக்கும் படங்கள் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். பேய்ப் படம் மட்டும் வேண்டாம், நான் தனியாகப் பார்க்கிற ஆள்.